நின்றால் எண்பத்தாறு

நான் எழுதிய ஒன்றை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, நடுவில் டீ குடிக்க எழுந்து போகாமல் படித்து முடித்த ஒரே மனிதர் கிருஷ்ணகிரி வக்கீல் நாராயணப்பன். சத்தமாகவே படித்தார். கேட்டவர்களில் ஒருவர் என் மாமா. அந்த எழுத்தால்தான் அவருடைய வேலை போகவிருந்தது.

இது நடந்தது 2007-இல். ஓசூர் சிப்காட்டில் கியர் ஷாஃப்ட் செய்யும் ஒரு கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே செய்த ப்ராஜெக்டுக்கு எனக்கு இன்னும் சர்டிஃபிகேட் வரவில்லை. என் அம்மாவின் தம்பி சென்னகிருஷ்ணன் அந்தக் கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் அறையில் பத்தொன்பது வருடமாக இருந்தார். வருகிற ஷாஃப்டை அளப்பார், சரி என்றால் பச்சைச் சீட்டு, இல்லை என்றால் சிவப்புச் சீட்டு. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் சிவப்புதான். வீட்டிலும் அதே கண். அத்தை சுட்ட தோசை ஒரு பக்கம் வட்டமாக இல்லை என்று ஒருமுறை சொன்னார். ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

அவருக்கு ஈரல் சுருங்கிவிட்டது என்பது இரண்டு வருடம் முன்பே தெரியும். சிரோசிஸ். சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலையின் வைரஸ் போகாமல் உள்ளேயே குடியிருந்து செய்த வேலை. மாமா வாழ்க்கையில் குடித்ததிலேயே காட்டமானது சுக்குக் காபி. ஆனால் ஈரல் என்று சொன்னதும் சிப்காட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரிப்பு வரும். எந்தக் கடை, எந்த அளவு என்று அக்கறையாக விசாரிப்பார்கள். உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்ததுபோல் சிவந்திருக்கும். மார்பில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கால்கள் நீட்டிக்கொண்டு சிலந்தி மாதிரி. விரலால் அழுத்தினால் மறையும். விட்டால் நடுவிலிருந்து சிவப்பு ஊறிக் கால் காலாக ஓடும். சின்னப் பையனாக இருந்தால் நாள் முழுக்க அழுத்தி விளையாடியிருப்பேன். நான் என்ஜினியரிங் கடைசி வருடம் என்பதால் நாலைந்து முறையோடு நிறுத்திக்கொண்டேன்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு மாமா ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தார். அந்த வருடம் கோடையில்தான் புது வம்பு ஆரம்பித்தது. நின்றால் மூச்சு வாங்கியது. கிரானைட் மேஜை முன்னால் கால் மணி நேரம் நின்றால் வாய் திறந்துகொள்ளும், உதடு நீலம் பாரிக்கும். படுத்தால் ஐந்தே நிமிடத்தில் சரியாகிவிடும். சரியாவது மட்டுமல்ல, ஜோக் சொல்வார். உலகத்தில் மூச்சுத் திணறுகிற மற்ற எல்லோரும் படுத்தால் முடியாமல் எழுந்து உட்காருவார்கள். என் மாமாவுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். ஒரு தொழிற்சாலையில் இதைவிட மோசமான வியாதி ஒருவனுக்கு வர முடியாது. வேலை செய்தால் வருகிறது, படுத்தால் போகிறது.

அட்டைப்பெட்டியைப் பிரித்து மேஜைக்கு அடியில் விரித்துப் படுத்திருந்தபோது இரண்டு முறை சூப்பர்வைசரிடம் பிடிபட்டார். மூன்றாம் முறை சூப்பர்வைசர் புதிதாக வாங்கிய கேமரா போனுடன் வந்திருந்தார். படத்தில் மாமா மல்லாந்து, கையைத் தலைக்கு வைத்து, மிக ஆரோக்கியமாக இருந்தார்.

கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். வாரம் இரண்டு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம் வருகிற டாக்டர். மெடிக்கல் ரூமில் ஒரு நாற்காலி, ஒரு கட்டில். நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். எனவே மாமா கட்டிலில் படுத்தார். டாக்டர் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றைந்து. நெஞ்சில் குழாய் வைத்தார், சுத்தம். எக்ஸ்ரேவும் சுத்தம். ‘வேலைக்குத் தகுதியானவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் கடைசியில் மாமாவுக்கு சார்ஜ் ஷீட் வந்தது: பணி நேரத்தில் மூன்று முறை படுத்திருந்தது. விசாரணையில் நிரூபணமானால் வேலை நீக்கம். வேலை போனால் ஈ.எஸ்.ஐ. போகும், ஈ.எஸ்.ஐ. போனால் மருந்து போகும்.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது அதுவரை எனக்கே தெரியாது.

எங்கள் கல்லூரியில் நாங்கள் மூன்று பேர் ‘அரியர்’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் நாற்பது காப்பி எடுப்போம். அதில் பாதியை ஹாஸ்டல் மெஸ்ஸில் சப்பாத்தி எண்ணெயை ஒற்ற வைத்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் இதழுக்கு விஷயம் கிடைக்காமல் மாமாவைப் பற்றி ‘கிடைமட்ட மனிதர்’ என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ‘செ.கி. என்ற என் தாய்மாமன்’ என்று மட்டும் மிகவும் ஜாக்கிரதையாக எழுதினேன். அதே கம்பெனிக்கு ட்ரெயினிங் போன எங்கள் ஜூனியர் ஒருவன் அதைப் படித்து, ரசித்து, கேன்டீன் போர்டில் ஒட்டியிருக்கிறான். என் வாசகர் வட்டம் விரிவடைந்த விதம் இதுதான்.

அக்டோபர் முதல் வாரம் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். கையில் கம்பெனி லெட்டர். வருகிற புதன்கிழமை விசாரணையில், மேற்படி கட்டுரையை எழுதியவர் நான்தான் என்று கம்பெனி தரப்புச் சாட்சியாக வந்து சொல்ல வேண்டும். கல்லூரிக்கு ப்ளேஸ்மென்ட் தருகிற கம்பெனி, போய்விட்டு வா என்றார் பிரின்சிபால்.

அன்றைக்கு மாமா வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். பாகலூர் ரோட்டுப் பக்கம் லைன் வீடு. விஷயம் அங்கே எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. அத்தை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவின பாத்திரம். மாமா பெண் ரஞ்சிதாதான் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் ஒரு நர்ஸிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். என்னைவிட எட்டு மாதம் மூத்தவள் என்பதால் வீட்டில் யாரும் எங்களை வைத்துக் கல்யாணக் கணக்குப் போடுவதில்லை. அந்தச் சுதந்திரத்தில் என்னை இஷ்டத்துக்குத் திட்டுவாள்.

“வாடா எழுத்தாளா. எங்கப்பன் சோத்துல மண்ணைப் போட்டுட்டு, மிச்ச சோறு இருக்குதான்னு பார்க்க வந்தியா?”

மாமா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, விடு பாப்பா, நல்லாத்தான் எழுதியிருக்கான், ஒரே ஒரு இடத்துல ஒற்றுப்பிழை என்றார். அவர் அளந்திருக்கிறார்.

ரஞ்சிதா நர்ஸிங் ஹோமிலிருந்து அந்த விரல் கிளிப்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள், அப்பாவை ஒருமுறை தானே பார்த்துவிடலாம் என்று. மாட்டினாள். தொண்ணூற்றைந்து. கம்பெனி டாக்டர் சொன்னதேதான். அவள் முகம் விழுந்தது. நோய் இருக்கிறது என்று மகள் நம்பிக்கொண்டிருந்தாள். மெஷின் இல்லை என்கிறது. அப்படியானால் அப்பா வேஷம் போடுகிறாரா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கேஸ் சிலிண்டர்காரன் கத்தினான். இருபத்திரண்டு நாளாக அத்தை காத்திருந்த சிலிண்டர். இப்போது விட்டால் தளி ஊர்ப் பக்கம் போய்விடுவான். மாமா அனிச்சையாக எழுந்து வாசலுக்கு ஓடினார், விரலில் கிளிப்போடு. புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டு, பழைய சிலிண்டரை உருட்டித் தந்து நிற்கிறார். கிளிப் அந்த விரலில் சிவப்பாக மினுக்கிக்கொண்டே இருந்தது. நான் தற்செயலாகத்தான் பார்த்தேன்.

தொண்ணூற்றொன்று.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தொன்பது. பிறகு எண்பத்தேழு. நான் ரஞ்சிதாவைக் கூப்பிட்டேன். அவள் வந்தபோது எண்பத்தாறு. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றாள். டி.வி. ரிமோட்டிலிருந்து உருவிப் போட்டோம். எண்பத்தாறு. என் விரலில் மாட்டினாள், நின்றுகொண்டே பார்த்தோம்: தொண்ணூற்றெட்டு. சிலிண்டர்காரன் தானாகவே விரலை நீட்டினான்: தொண்ணூற்றேழு. மறுபடி மாமா: எண்பத்தாறு.

“அப்பா, படு,” என்றாள் ரஞ்சிதா. குரல் மாறியிருந்தது.

படுத்தார். எண்கள் ஏறின. எண்பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து. எழுந்திரு என்றாள். இறங்கின. படு. ஏறின. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலின் இரு பக்கமும் மண்டிபோட்டு, பைத்தியம் பிடித்தவர்கள்போல் எண்களைக் கத்திக்கொண்டிருந்தோம். ஆறாவது முறை எழுப்பியபோது மாமா, நான் என்னாடா தண்ணி பம்ப்பா என்று கேட்டுவிட்டு, தானும் விரலைத் திருப்பிப் பார்த்தார். பார்த்த பிறகு அவரே படுத்தார், அவரே எழுந்தார். பத்தாவது முறையும் ஒரே ரீடிங். பத்து முறை அளந்து பத்து முறையும் ஒன்றே வந்தால், அவர் தொழிலில் கருவி சரி, பொருளில்தான் பிழை.

“ஷாஃப்டைப் படுக்க வெச்சு அளந்தா ஒரு அளவு, தொங்கவிட்டு அளந்தா ஒரு அளவு,” என்றார் மாமா மெதுவாக. “எந்த நிலையில வேலை செய்யுதோ அந்த நிலையிலதான் அளக்கணும். பத்தொம்பது வருசமா இதைத்தான்டா ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன். என்னைப் படுக்க வெச்சே அளந்துட்டானுங்களே.”

சிலிண்டர்காரன் போகவே இல்லை. அவனுக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

ரஞ்சிதா உடனே அவர்களுடைய ட்யூட்டி டாக்டருக்கு போன் போட்டாள். அவர் பதினைந்து நிமிடம் பேசினார். வைத்துவிட்டு வந்து, எனக்குப் புரிவது மாதிரி சொன்னாள். ஈரல் கெட்டுப்போனால் உடம்பில் ரத்தக் குழாய்களை விரிக்கிற சரக்கு அதிகமாகிவிடுமாம். ரொம்பச் சின்னக் குழாய்கள்தான் முதலில் மாட்டும். உள்ளங்கைச் சிவப்பு அதுதான். மார்புச் சிலந்தி அதுதான். சிலருக்கு நுரையீரலுக்குள்ளும் அதே கூத்து நடக்கும்.

“அத்திப்பள்ளி செக்போஸ்ட்டை நினைச்சுக்கோ,” என்றாள். “லாரி ஒவ்வொண்ணா உள்ள வந்து, சீல் வாங்கிக்கிட்டு அந்தப் பக்கம் போவணும். கேட் ஒரு லாரி அகலம்தான். ரத்தம் அப்படித்தான் நுரையீரல்ல ஒவ்வொரு அணுவா நுழைஞ்சு ஆக்ஸிஜன் வாங்கிட்டுப் போவுது. இப்ப எவனோ கேட்டை எட்டு லாரி அகலத்துக்கு ஒடைச்சு விட்டுட்டான். ஓரத்துல போற லாரி சீல் வாங்கும். நடுவுல போறது?”

நடுவில் போகிறது ஹாரன் அடித்துக்கொண்டு சீல் இல்லாமல் போகும். தெரிந்த விஷயம்தான். அந்த ரோட்டில் நாங்கள் பிறந்து வளர்ந்தவர்கள்.

உடைந்த கேட்டுகள் நுரையீரலின் அடிப் பக்கத்தில்தான் அதிகமாம். நின்றால் ரத்தம் தன் கனத்தாலேயே அடிப் பக்கம் இறங்கி, உடைந்த கேட் வழியாகவே போகும். படுத்தால் பரவலாகிச் சமாளித்துக்கொள்ளும். மாமா படுத்தது சோம்பலில் இல்லை. தனக்குத் தெரியாமலே அவர் லாரிகளை நல்ல கேட் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு ராத்திரி வரை இருப்புக் கொள்ளவில்லை. நோய் நிஜம்தான் என்று தெரிந்தால் இவ்வளவு சந்தோஷமா வரும்? அத்தை எனக்கு இரண்டு முறை காபி கொடுத்தாள். இரண்டாவதில் சர்க்கரையும் போட்டாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ட்ரெயினிங் ஹாலில் விசாரணை. நாராயணப்பன் நடுவில், கம்பெனி வெளியிலிருந்து நியமித்த விசாரணை அதிகாரி. அவருக்கு வலது பக்கம் பர்சனல் மேனேஜர் சௌந்தரராஜன், மதுரைக்காரர். போட்டோ எடுத்த சூப்பர்வைசர். மாமாவுக்காகப் பேச, அவருடன் பத்து வருடமாக ஒரே பந்தியில் சாப்பிடும் அதாவுல்லா. சூளகிரியிலிருந்து மொபெட்டில் வருகிறவர், கியர் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் எதையும் இரண்டு முறை படிப்பார். முதல் நாள் சாயங்காலமே என் கட்டுரையைக் கேட்டு வாங்கிப்போயிருந்தார்.

போட்டோ காட்டினார்கள். டாக்டர் சர்டிஃபிகேட் காட்டினார்கள். மூன்றாவது ஆவணமாக ‘அரியர்’ இதழ் வந்தது. நாராயணப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுசும் படித்தார். நான் சிரிப்பு வர எழுதிய இடங்களில் யாரும் சிரிக்கவில்லை. சீரியஸாக எழுதிய இடத்தில் சூப்பர்வைசர் சிரித்தார். இதை எழுதியது நீயா என்றார் வக்கீல். ஆமாம் என்றேன். இந்தச் செ.கி. இவர்தானா? ஆமாம். மாமா என்னைப் பார்க்கவில்லை. அவர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், மட்டம் சரியாக இல்லை போலிருந்தது.

அதாவுல்லா எழுந்தார். ஒரு கேள்வி கேட்கலாமா என்று அனுமதி வாங்கினார்.

“தம்பி, இது எந்தத் தேதி எழுதினது?”

ஆகஸ்ட் பதினாலு என்றேன். டாக்டர் சர்டிஃபிகேட் செப்டம்பர் இருபது என்பதை அவரே எடுத்துக் காட்டினார். பிறகு நாலாவது பத்தியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். நாராயணப்பன் படித்தார்: ‘படுத்தால் மாமா ராஜா. நின்றால் கால் மணி நேரத்தில் உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆகிவிடும்; வாய், கரையில் போட்ட கெண்டைபோல் திறந்து மூடும். மறுபடி படுத்தால் மறுபடி ராஜா.’

“இந்த நாவப்பழம், கெண்டை மீனு, இதெல்லாம் நீ சோடிச்சதா, கண்ணால பார்த்ததா?”

எழுதுகிறவனிடம் இதைவிட அவமானமான கேள்வி கிடையாது. கற்பனை என்று சொன்னால் என் மானம் நிற்கும். மாமாவின் வேலை நிற்காது.

“பார்த்ததுங்க,” என்றேன். “எனக்கு அவ்வளவா கற்பனை வராதுங்க.”

சௌந்தரராஜன் குறுக்கிட்டார். பொடியன் கேலிக்கு எழுதியதை எல்லாம் மருத்துவ சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். நாராயணப்பன் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“ஆவணத்தைக் கொடுத்தது நீங்கதானே? உண்மைன்னு சொல்லித்தானே கொடுத்தீங்க? பாதியை உண்மைன்னும் பாதியைக் கேலின்னும் நான் எப்படிங்க பிரிச்சு எடுக்கிறது?”

அதாவுல்லா சட்டைப் பையிலிருந்து கிளிப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதை உள்ளே கொண்டுவந்ததே ஒரு கதை. கேட்டில் செக்யூரிட்டி ரஞ்சிதாவை விடவில்லை. அவள் அவரிடம் கொடுத்துவிட்டு எதிர் டீக்கடையில் நின்றிருந்தாள். வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் தன் விரலில் மாட்டிக்கொண்டார். தொண்ணூற்றேழு. சட்டை காலரைத் தளர்த்திக்கொண்டு, ம், நடத்துங்க என்றார். சௌந்தரராஜன் விரலில் எண்ணே வரவில்லை. ஏ.சி. குளிரில் விரல் ஜில்லிட்டிருந்தது. அவர் விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் தொண்ணூற்றெட்டு வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம், அவர் உள்பட.

மாமாவை ட்ரெயினிங் ஹால் மேஜைமேல் படுக்க வைத்தார்கள். தொண்ணூற்றைந்து. “பாருங்கய்யா,” என்றார் சௌந்தரராஜன். பிறகு எழுந்து நிற்கச் சொன்னார்கள். நாராயணப்பன் எண்களைத் தானே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். தொண்ணூற்று மூன்று. தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தாறில் நின்றது. அங்கேயே நின்றுகொண்டிருந்தது. பத்து நிமிடம் நிற்கட்டும் என்றார் வக்கீல். நாலாவது நிமிடத்தில் மாமாவின் உதடு என் கட்டுரையைப் போல ஆனது. ஐந்தாவது நிமிடத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டார். எண்பத்து நாலு.

சௌந்தரராஜன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “எய்யா, படுய்யா நீ. மொதல்ல படு. என்ன வேடிக்கை பார்த்துட்டிருக்கீங்க, பிடிங்கய்யா அவரை.”

அவரே கைத்தாங்கலாகப் பிடித்து மேஜைமேல் படுக்க வைத்தார். தன் கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தார். அதாவுல்லா தொண்டையைச் செருமினார்.

“ஐயா, ஒண்ணு பதிவு பண்ணணும். மணி பன்னெண்டே கால். மேனேஜர் சார் பணி நேரத்துல தொழிலாளியைப் படுக்கச் சொன்னாரு.”

நாராயணப்பன் எழுதிக்கொண்டார். சூப்பர்வைசரின் கை போனை எடுக்கப் போய், பாதியில் நின்றது.

ஆனால் வக்கீல் வக்கீல்தான். கண்ணால் பார்த்தது போதாது, விரல் கிளிப் யார் வீட்டுச் சொத்து என்பதும் தெரியாது. பத்து நாளில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இந்த நோய்க்குப் பெயரும் நிரூபணமும் போட்டுச் சர்டிஃபிகேட் கொண்டுவர வேண்டும் என்றார். இல்லையென்றால் படுத்தது படுத்ததுதான்.

அடுத்த செவ்வாய் பெங்களூர். ஓசூரிலிருந்து பஸ்ஸில் மாமாவைக் கடைசி நீள சீட்டில் படுக்க வைத்தோம். கண்டக்டர் வந்து, நாலு பேர் சீட்டு, எழுந்து உட்காரச் சொல்லு என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். ரஞ்சிதா கன்னடத்திலேயே பதில் சொன்னாள். என்ன சொன்னாளோ, எலெக்ட்ரானிக் சிட்டி வரும்வரை அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. அத்திப்பள்ளியில் செக்போஸ்ட் தாண்டும்போது மாமாவும் தலையைத் தூக்க, மூன்று பேரும் ஜன்னல் வழியாக லாரி வரிசையைப் பார்த்தோம். ஒவ்வொன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பெண்மணி, தமிழ் தெரிந்தவர். முதலில் மாமாவின் விரல் நுனிகளைப் பார்த்தார். நகம் கிளிமூக்குபோல் வளைந்து, நுனி தடித்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். எல்லா நோயாளியும் ‘கொஞ்ச நாளா’ என்பார்கள் போலிருக்கிறது. மாமா பாக்கெட் டைரியை எடுத்தார்.

“மார்ச்சுல பதிமூணு புள்ளி ஆறு மில்லிமீட்டர். ஜூலையில பதினாலு புள்ளி ஒண்ணு. போன வாரம் பதினாலரை. டிஜிட்டல் வெர்னியர்ங்க மேடம்.”

டாக்டர் டைரியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இருதயத்தை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செய்கிற ஒரு சோதனை என்றார். உப்புத் தண்ணீரை இரண்டு சிரிஞ்சுக்கு நடுவில் முன்னும் பின்னும் அடித்துக் குலுக்கினால் பொடிப் பொடிக் குமிழிகள் வரும். அதைக் கையில் ஏற்றுவார்கள். குமிழி முதலில் இருதயத்தின் வலது பக்கம் வரும், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நல்ல நுரையீரலில் குழாய் அவ்வளவு சின்னது, குமிழி அதற்குள் மாட்டிக் கரைந்துபோகும். இடது பக்கத்துக்கு வரவே வராது. குழாய் விரிந்திருந்தால் தாண்டி வந்துவிடும். முதல் இரண்டு துடிப்புக்குள் வந்தால் இருதயத்தில் ஓட்டை, அது வேறு கதை. மூன்றிலிருந்து ஆறுக்குள் வந்தால் இந்த நோய்.

எனவே நிலைமை இதுதான். குமிழி வராவிட்டால் மாமா பொய்யர், வேலை போகும். வந்தால் உண்மையானவர், ஆனால் நுரையீரல் வரை நோய் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் குடும்பம் முழு மனதோடு குமிழி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. அத்தை ஊரில் சாமிக்கு என்ன சொல்லி விளக்குப் போட்டாள் என்று தெரியவில்லை.

அறை இருட்டாக இருந்தது. மாமா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். திரையில் இருதயம் கறுப்பு வெள்ளையில் திறந்து மூடிக்கொண்டிருந்தது. டாக்டர் சிரிஞ்சுகளைக் குலுக்கினார், டெக்னீஷியன் ஏற்றினார். சட்டென்று வலது பக்க அறை முழுக்க சோடா பாட்டில் திறந்ததுபோல் வெள்ளையாகப் பொங்கியது. இடது பக்கம் கறுப்பு.

“ஒன்று,” என்றார் டாக்டர்.

கறுப்பு. ரஞ்சிதா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இரண்டு.”

கறுப்பு. ஓட்டை இல்லை.

“மூன்று.”

கறுப்பு. வராது போலிருக்கிறது, வேலை போயிற்று, என் ஒரு பக்கக் கேலியால் ஒரு குடும்பம் போயிற்று என்று ஒரே துடிப்பு நேரத்தில் இவ்வளவும் நினைத்தேன்.

“நான்கு.”

ஒரு புள்ளி. கறுப்பு நடுவில், ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, தயங்கித் தயங்கி. அதன் பின்னால் இன்னொன்று. ஐந்தாவது துடிப்பில் இடது அறை முழுக்கப் பொரி வாரி இறைத்ததுபோல் நிறைந்துவிட்டது. “வந்திருச்சு,” என்று நான் எழுந்தே விட்டேன். ரஞ்சிதா இரண்டு கையாலும் என் முதுகில் அறைந்தாள். டெக்னீஷியன் எங்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் ஜெயித்தவர்கள் மாதிரி இருந்தோம்.

டாக்டர் விளக்கைப் போட்டார். கோபம் இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

“இது சந்தோஷப்படற ரிசல்ட் இல்லம்மா. இதுக்கு மருந்து கிடையாது. வீட்டுக்கு ஆக்ஸிஜன் ஏற்பாடு பண்ணணும், நாளைக்கு ஈரல் மாத்தற லிஸ்ட்ல பேர் எழுதணும். மாத்தினா இது தானா சரியாகும், மெதுவா. உங்களுக்குப் புரியுதா?”

ரஞ்சிதாவுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமையே அவளுக்குப் புரிந்திருந்தது, என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் கை இன்னும் என் முதுகிலேயே இருந்தது. இப்போது கனமாக இருந்தது.

மாமா திரையைப் பார்க்க முடியாத பக்கமாகத் திரும்பியிருந்தார். தலையை மட்டும் தூக்கி, எத்தனாவதில் வந்தது மேடம் என்று கேட்டார். நாலு என்றார் டாக்டர். அதை அப்படியே சர்டிஃபிகேட்டில் எழுத முடியுமா என்றார் மாமா. எழுதலாம். நின்றுகொண்டு பார்த்த ஆக்ஸிஜன், படுத்துக்கொண்டு பார்த்த ஆக்ஸிஜன், இரண்டையும் தனித்தனியாக, எந்த நிலையில் அளந்தது என்று போட்டு எழுத முடியுமா? முடியும் என்றார் டாக்டர். மாமா தலையைத் திரும்பக் கீழே வைத்தார். போனைக் கேட்டார். கொடுத்தேன். அதாவுல்லாவுக்குப் போட்டார்.

“பாய், நான்தான். வந்திருச்சு. நாலாவது துடிப்புல... ஆமா, நாலு. இல்லப்பா, நல்லதுக்கு இல்ல. ஆனா வந்திருச்சு.”

அந்தப் பக்கம் அதாவுல்லா என்னவோ பேசிக்கொண்டே போனார். மாமா ம், ம் என்று கேட்டார். ஒரு கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெக்னீஷியன் கதவைத் திறந்து, அடுத்த பேஷன்ட் காத்திருக்கிறார், எழுந்திருங்கள் என்றார்.

மாமா போனைக் கையால் மூடினார்.

“ஒரு நிமிசம் தம்பி. எழுந்தா எனக்குப் பேச்சு வராது. படுத்துக்கிட்டே முடிச்சிடறேன்.”